தலையும் வாலும் பார்த்த கேசட்

ஒரு கல்யாணக் கேசட் கெட்டுப்போனதற்கு யார் தலையில் பழியைக் கட்டலாம் என்று எங்கள் ஊர் வீடியோக்காரர்கள் தேடியபோது, வாகாகக் கிடைத்தவள் ஆன் மேரி. வீட்டுக்குள்ளேயே இருந்து வேலை பார்க்கிறவள், வீடியோக்காரர்கள் சங்கத்தில் உறுப்பினர்கூடக் கிடையாது, சபையில் எழுந்து பேச மாட்டாள் என்று நினைத்திருப்பார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் நான் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். பூத்தை ஒட்டினாற்போல் பெனோவின் வீடு. பெனோ கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கப் போகிறவன். கையில் சொந்தக் கேமரா இல்லை. செம்மலை என்பவரின் செம்மலை வீடியோஸ் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் அவர்களுக்கே எடுத்துக்கொடுத்து நாள்கூலி வாங்கி வருவான். அவன் மனைவி ஆன் மேரி கணக்கில் பட்டம் வாங்கியவள், கல்யாணத்துக்கு முன் கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்தவள். வீட்டின் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரும் கேசட் ஓட்டும் டெக் இரண்டும் வைத்து சின்னச் சின்ன ஸ்டூடியோக்களுக்கு மிக்சிங் செய்துகொடுத்தாள். அதாவது கேமராவில் எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி, பாட்டுப் போட்டு, ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் எஃபெக்ட் வைத்து, கடைசியில் வீட்டில் போட்டுப் பார்க்கும் கேசட்டில் இறக்குவது.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். மிக்சிங் சாஃப்ட்வேர் வெளிநாட்டுச் சரக்கு. அதில் வந்த எஃபெக்டெல்லாம் பனி கொட்டும், பழுத்த இலை உதிரும், பலூன் பறக்கும். காரைக்குடிக் கல்யாணத்தில் யாருக்கு வேண்டும் பனி. மூக்கில் வியர்வை வழியத் தாலி கட்டுகிறவன் மேல் பனி கொட்டினால் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அதனால் இந்த வட்டாரத்து ஸ்டூடியோக்காரர்களில் கைத்திறன் உள்ளவர்கள் தாங்களாகவே எஃபெக்ட் செய்ய ஆரம்பித்தார்கள். தேவகோட்டை மலையாண்டி ஒரு தாமரை செய்தான். இதழ் இதழாக விரிந்து, நடுவில் மாப்பிள்ளை முகமோ பொண்ணு முகமோ வரும். திருப்பத்தூரில் ஒருத்தர் கோயில் கதவு திறக்கிற மாதிரி செய்தார். மாதா கோயில் மணி ஆடுவதை ஆன் மேரி செய்தாள். காசு பணம் என்று யாரும் பேசவில்லை. நீ உன்னுடையதைக் கொடு, நான் என்னுடையதைத் தருகிறேன், அவ்வளவுதான்.

செய்வது ஒரு நாள் வேலை. அதை ஓடவைத்துக்கொண்டே இருப்பதுதான் பெரும் பாடு. சாஃப்ட்வேர்க் கம்பெனிக்காரன் புதுசு ஒன்றை இறக்கினால் பழைய எஃபெக்ட் பாதி நின்றுபோகும். ஒருத்தன் மிஷினில் ஓடுவது இன்னொருத்தன் மிஷினில் கோணிக்கொள்ளும். மலையாண்டி பிழைப்புக்குச் சிங்கப்பூர் போய்விட்டான். அவன் தாமரை அனாதையாக நின்றது. ஆன் மேரிதான் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து, உடைந்ததைச் சரிசெய்து, ஃபிளாப்பியில் போட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். அதற்கு ஜனங்கள் வைத்த பேர் மேரி டிஸ்க்.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எதையாவது மாற்றினால், ஒரு முழுக் கல்யாணத்தை அதில் மிக்சிங் பண்ணி, கேசட்டில் இறக்கி, முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து பார்ப்பாள். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. அதற்கென்று அவள் தங்கச்சி கல்யாணத்தை வைத்திருந்தாள். அந்தக் கல்யாணத்தில் யார் எத்தனை தடவை தும்மினார்கள் என்று எனக்கே தெரியும், என் பூத் வரைக்கும் சத்தம் கேட்கும்.

வாங்க வருகிறவர்கள் சிரிப்பார்கள்.

"என்னக்கா, தங்கச்சிக்கு இன்னும் தாலி கட்டி முடியலையா?" என்பான் ஒருத்தன்.

"முடியட்டும், தாரேன். அங்குட்டு உக்காருங்க."

"தலையும் வாலும் பாத்தாப் பத்தாதா? எனக்கு தேவகோட்டை பஸ்ஸு போயிரும்."

"தலையும் வாலும் பாக்குறது மீன் வாங்கறவுக வேலை. உக்காருங்க, காப்பி போடுறேன்."

தலையும் வாலும் பார்ப்பது என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம். மூன்று மணிநேரக் கேசட்டை யார் உட்கார்ந்து பார்ப்பது? ஆரம்பத்தைக் கொஞ்சம் ஓட்டுவார்கள், ரீலை விறுவிறுவென்று சுற்றி முடிவைக் கொஞ்சம் ஓட்டுவார்கள், பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்த கையோடு கம்ப்யூட்டரில் ஏற்றியதை இடம் பத்தாமல் அழித்துவிட்டு, கேமராக் கேசட்டில் அடுத்த கல்யாணத்தை எடுத்துவிடுவார்கள். கேசட் விலை அப்படி.

அந்த ஆடிக் கடைசியில் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகல். சந்துமுனையில் ஆட்டோ நின்றது. அரியக்குடியில் நல்ல விவசாயம் உள்ள கோட்டைச்சாமியும் அவர் மனைவி சின்னத்தாயியும் இறங்கினார்கள். வைகாசியில் மகள் துர்காதேவிக்குக் கல்யாணம் செய்தவர்கள். ஆனியில் ஒரே மகன் சரவணகுமார் கோவிலூர் வளைவில் லாரியில் அடிபட்டுப் போய்விட்டான்.

"இங்க மேரிங்கிறது யாரு?" என்றார் கோட்டைச்சாமி.

ஆன் மேரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வாசனை. "நான்தாங்கய்யா. உள்ள வாங்க."

"விருந்தாட வரலை. எம்மக கல்யாணக் கேசட்டை ஒந்தாமரை தின்னுருச்சாமே. செம்மலை சொன்னாரு. மேரி டிஸ்க்குல உள்ள கோளாறு, நாங்க என்ன செய்ய, அந்தப் பொம்பளையவே போய்க் கேளுங்கன்னுட்டாரு. அதான் கேக்க வந்தேன்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருவரையும் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கேசட்டை வாங்கி டெக்கில் போட்டாள். நானும் பூத்தை விட்டுவிட்டுப் போய் வாசலில் நின்றேன்.

கல்யாணம் முடிந்து வந்த கேசட்டை அந்த வீட்டில் யாரும் பார்த்திருக்கவில்லை. ஆடிக்குப் பொண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்து, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பதென்று பீரோவில் வைத்திருந்தார்கள். அதற்குள் மகன் போய்விட்டான். முப்பது கழிந்த பிறகு சின்னத்தாயி கேசட்டைக் கேட்டார். போட்டோ இருக்கிறதே என்றார்களாம். போட்டோவில் அவன் நிற்கத்தானே செய்கிறான், எனக்கு நடந்து வரவேண்டும் என்றாராம்.

கேசட்டில் முதல் நாள் ராத்திரி வரவேற்பு ஓடியது. பையன் அப்போது காய்கறி ஏற்றப் போயிருந்தான், அதில் இல்லை. விடிந்தது. மேளம் வந்தது. முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் தாமரை விரிந்தது. விரிந்து, நடுவில் மாப்பிள்ளை முகம் வர வேண்டும். வரவில்லை. பூ விரிந்தபடியே நின்றது. ஆனால் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கெட்டிமேளம் கேட்டது. குலவை கேட்டது. அதற்கப்புறம் ஒரு பெரியவர் குரல்: "மச்சானைக் கூப்பிடுங்கப்பா, மோதிரம் போடணும்ல." வேறொருத்தர், "டேய் சரவணா." அப்புறம் அந்தப் பையன் குரல், மூச்சிரைக்க: "இந்தா வந்துட்டேன். மாப்ள, எந்த விரல்னு சொல்லுங்க, பெறகு பத்தலைன்னு சொல்லப்புடாது." கூட்டம் சிரித்தது. திரையில் பூ நின்றது.

சின்னத்தாயி எழுந்து டி.வி.க்குப் பக்கத்தில் போனார். ஓரமாகக் குனிந்து, பூவுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்போலக் கழுத்தைச் சாய்த்தார். எனக்குத் தாங்கவில்லை, தெருவுக்கு வந்துவிட்டேன்.

பொண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறுகிறபோது சாஃப்ட்வேரிலேயே உள்ள வேறொரு எஃபெக்ட் வந்து, படம் மறுபடி ஓட ஆரம்பித்ததாம். அதில் அவன் இல்லை. மண்டபத்துக்குப் பின்னால் அண்டா குண்டா எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். தலை நன்றாக இருந்தது, வாலும் நன்றாக இருந்தது. நடுவில்தான் ஒரு கல்யாணமே காணோம்.

"அம்மா, எனக்கு ரெண்டு நாள் குடுங்க. இது என்னன்னு நான் பாக்குறேன்" என்றாள் ஆன் மேரி. குழம்பு அடுப்பில் தீய்ந்துகொண்டிருந்தது, அவள் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

அவளுக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. அந்தத் தாமரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் செம்மலை வீடியோஸ் என்று பேர் போட்டிருந்தது. அவள் கொடுத்ததில் யார் பேரும் கிடையாது. விசாரித்தால், செம்மலை மேரி டிஸ்க்கை அப்படியே எடுத்து, மதுரையிலிருந்து ஆள் பிடித்து அதற்கு ஒரு பூட்டுப் போட்டு, சீடியில் அடித்து விற்க ஆரம்பித்திருக்கிறார். ஊரான் பிள்ளைகள் சும்மா கொடுத்ததற்கு இவர் பூட்டு. மிஷினில் உள்ள தேதியைப் பார்த்து, சீடிக்கு வைத்த கெடு தாண்டாமல் இருந்தால்தான் அந்தப் பூட்டு திறக்கும். எங்கள் ஊரில் கரண்ட் போகிற போக்கில் பழைய மிஷினில் தேதி எங்கே ஒழுங்காக நிற்கிறது? செம்மலையின் சொந்த மிஷினிலேயே தேதி தாறுமாறாகிப்போய், அவர் போட்ட பூட்டு அவரையே வெளியில் நிறுத்திவிட்டது. பூ திறந்தபடி நின்றது.

பூட்டுப் போட்டதை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தங்கச்சி கல்யாணத்தை ஓட்டிப் பார்த்து அன்றைக்கே கண்டுபிடித்திருப்பாள். சொன்னால் பங்கு கேட்பாள் என்று பயந்தார்களோ என்னவோ.

"கேமராக் கேசட்டு எங்க?" என்று பெனோவைக் கேட்டாள். அந்தக் கல்யாணத்தை எடுத்தவன் அவன்தான்.

பெனோ தரையைப் பார்த்தான். "அது மேல வேற கல்யாணம் எடுத்தாச்சு மேரி. தேவகோட்டையில. முழுசா."

"பாக்காமயா?"

"தலையும் வாலும் பாத்தாச்சு, எடுத்துட்டுப் போன்னாரு செம்மலையண்ணன். எல்லாரும் அப்படித்தான செய்யிறோம்."

அன்று மாலை பெனோ செம்மலையைப் பார்த்துவிட்டு வந்தபோதுதான் சண்டை தொடங்கியது. என் பூத்துக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரே சுவர்.

"ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டமாம். கோட்டைச்சாமியும் வர்றாராம். நீ வந்து ஒரு வார்த்தை, தவறிப்போச்சு மன்னிச்சுக்கங்கன்னு சொன்னா அதோட முடிஞ்சுரும்ங்கிறாரு."

"என்ன தவறிப்போச்சு? எங்கிட்ட என்ன தவறிப்போச்சு?"

"ஒண்ணும் தவறலை. எனக்குத் தெரியாதா? ஆனா கேமரா அவரோடது. ஆவணி முகூர்த்தம் அம்புட்டுக்கும் வேற ஆளை அனுப்பிட்டாருன்னா நான் எங்குட்டுப் போவேன்? ஒரு வார்த்தைதான மேரி. வாயில இருந்து வர்றது. முத்தா உதிந்துரும்?"

"நீக வெளங்காமப் பேசுறீக. ஏந்தப்புன்னா அந்தம்மா கால்ல விழுவேன், இப்பவே பஸ் ஏறிப் போய் விழுவேன். இல்லாத தப்பை ஒத்துக்கிட்டா என்னாகும் தெரியுமா? தாமரையில கோளாறுன்னு எல்லாரும் நல்ல டிஸ்க்கைத் தூக்கி எறிஞ்சுருவாக. செம்மலை சீடியில அந்தப் பூட்டு அப்படியே கெடக்கும். அதை வாங்குவாக. அடுத்த கல்யாணத்துலயும் பூ நிக்கும், அதுக்கடுத்த கல்யாணத்துலயும் நிக்கும். எத்தனை பேரு வீட்டுல இப்படி எட்டி எட்டிப் பாப்பாக? நீக அந்தம்மாவைப் பாத்தீகளா? நான் பாத்தேன்."

பெனோ வெளியே வந்து என் பூத் ஸ்டூலில் உட்கார்ந்தான். "நீங்களாச்சும் சொல்லக் கூடாதாண்ணே?" என்றான். எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பிக்கொண்டேன்.

செக்காலை ரோட்டில் ஒரு மெஸ்ஸின் மாடியில் கூட்டம். நானும் போனேன். ஆன் மேரி மாதா கோயில் பூசை முடிந்து நேராக வந்திருந்தாள். செம்மலை நடுநாற்காலியில் தங்கச் செயினோடு உட்கார்ந்திருந்தார். ஆளாளுக்கு வெள்ளைப்பணியாரமும் கார சட்னியும் வந்தன. துக்க வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுவைத்துப் பணியாரம் கொடுக்கத் தோன்றுகிற மனுஷனை நான் அன்றுதான் பார்த்தேன். கோட்டைச்சாமியும் சின்னத்தாயியும் தட்டைத் தொடவில்லை.

"நம்ம தங்கச்சி நல்ல எண்ணத்துலதான் செஞ்சிருக்கு" என்று தொடங்கினார் செம்மலை. "ஓசியில குடுக்குற பொருள்ல ஒறுதி எதிர்பாக்க முடியாது. அதான் நான் முறையா சீடி போட்டுக் குடுக்குறேன். நடந்தது நடந்துபோச்சு. தங்கச்சி, எந்திரிச்சு பெரியவுககிட்ட ஒரு வார்த்தை சொல்லிரும்மா."

ஆன் மேரி எழுந்தாள்.

"நான் சொல்ல மாட்டேன். அந்தத் தாமரை மலையாண்டி செஞ்சது, நான் பாத்துக்கிட்டு வந்தது. இந்த மாடியில இருக்குற அம்புட்டுப் பேரும் அதை வச்சுத்தான் சோறு திங்கிறீக. ஒரு நாள் நின்னிருக்கா? நின்னது செம்மலையண்ணன் போட்ட பூட்டுல. பூட்டுப் போட்டது உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். எனக்குச் சொன்னது யாரு? ஒருத்தராச்சும் இப்பச் சொல்லுங்க. சும்மா குடுத்தேன்னு தரங்கெட்டதாக் குடுத்தேனா? ஒவ்வொண்ணையும் முழுசாப் பாத்துட்டுத்தான் குடுத்தேன். நீக காசு வாங்கிக்கிட்டு ஒரு தடவை பாக்கலை."

அவள் சொன்னது அவ்வளவு பேருக்கும் தெரியும். ஒருத்தன் வாய் திறக்கவில்லை. அவள் வீட்டில் காப்பி குடித்தவன்கள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடினவன்கள், எல்லோரும் சட்னியைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். கேமரா வாடகை, அடுத்த முகூர்த்தம், வாய்க்குள் பணியாரம். செம்மலை சிரித்துக்கொண்டு, "பொம்பளைப் பிள்ளை கோவத்துல பேசுது" என்றார்.

அப்போதுதான் சின்னத்தாயி பேசினார். செம்மலையைப் பார்க்கவே இல்லை. கடைசி வரிசையில் நின்ற பெனோவைப் பார்த்தார்.

"தம்பி, நீதானய்யா எடுத்த?"

"ஆமாம்மா."

"படம் போனாப் போகுது. நீ கண்ணை அதுலயே வச்சுக்கிட்டுத்தான நின்ன? எம்மகன் மோதிரம் போட்டத நீ பாத்திருப்பல்ல. எப்படி நடந்து வந்தான், என்ன செஞ்சான், அதைச் சொல்லு. நான் கேட்டுக்கிறேன்."

பெனோ முன்னால் வந்தான். "வெள்ளை வேட்டி கட்டியிருந்தாரும்மா."

"எல்லாருந்தான் வேட்டி கட்டியிருந்தாக."

"சிரிச்சாரு."

"அது கேசட்டுலயே கேக்குதே. வேற சொல்லு."

அவன் யோசித்தான். பிறகு தலையை ஆட்டினான்.

"ஞாபகம் இல்லம்மா. வெளிச்சம் பத்துமா, பேட்டரி தாங்குமான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஆளைப் பாக்கலை." "படத்தை அழிச்சதும் நான்தாம்மா. தலையும் வாலும் பாத்தாச்சுன்னு அண்ணன் சொன்னாரு, நான் அது மேலயே அடுத்த கல்யாணத்தை எடுத்துட்டேன். முழுசாப் பாருங்க, முழுசாப் பாருங்கன்னு இவ வருசக்கணக்காக் கத்துறா, நான்தான் காதுல வாங்கலை. தாமரை மேல ஒரு தப்பும் இல்ல. பூட்டு அண்ணன் போட்டது. எனக்கும் தெரியும், இங்க உள்ளவுகளுக்கும் தெரியும்."

தோளில் இருந்த கேமராப் பையைக் கழற்றி, செம்மலை முன்னால் பணியாரத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். ஆன் மேரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். செம்மலை ஏதோ சொல்ல வாயெடுத்தார். கோட்டைச்சாமி கையைக் காட்டி அடக்கினார்.

"நீ போ ஆத்தா. ஓம்மேல ஒண்ணும் இல்ல" என்றார் ஆன் மேரியிடம். "ஒன்னைய வந்து கேட்டதுதான் எங்க தப்பு."

எல்லோரும் எழுந்தார்கள். சின்னத்தாயி மட்டும் எழவில்லை. ஆன் மேரி பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தாள்.

"பாக்கலைன்னு அவுகளை வையாத தாயி" என்றார் சின்னத்தாயி. "மோதிரம் போடுறான், வாங்க வாங்கன்னு எல்லாரும் என்னையக் கூப்பிட்டாக. பந்திக்கு எலை போட்டுக்கிட்டு இருந்தேன். வீடியோதான் எடுக்குறாகளே, பெறகு பாத்துக்கிருவோம்னு நானும் போகலை."